அரளி பூத்த நகரம்

ஹிரோஷிமா என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? குடை விரித்தாற்போல் வானத்தில் எழும்பிய ஒரு புகை. அதன் கீழே சாம்பலாகிப் போன ஓர் ஊர். அவ்வளவுதான். அந்தப் புகை கலைந்த பிறகு அங்கே என்ன ஆயிற்று என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. பள்ளிக்கூடப் புத்தகமும் அந்தப் பக்கத்தோடு பாடத்தை முடித்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது.

ஜப்பானுக்குப் போகிற நம்மவர்கள் டோக்கியோவின் கடைவீதிகளைப் பார்க்கிறார்கள். கியோட்டோவின் கோயில்களைப் பார்க்கிறார்கள். ஃபூஜி மலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஹிரோஷிமாவுக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "அங்கே எதற்கு ஸார்? சுற்றிப் பார்க்கிற இடமா அது? துக்கம் விசாரிக்கப் போகிற இடமல்லவா?" என்று கேட்டார் ஒரு நண்பர்.

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு நாள் தன்னந்தனியாக அந்த ஊரைச் சுற்றிவிட்டு வந்தவன் என்ற உரிமையில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹிரோஷிமாவில் பார்க்க வேண்டியது செத்துப்போன ஊரை அல்ல, நேயர்களே. பிழைத்துக்கொண்ட ஊரை. அதிலும், பிழைத்த பிறகும் எதையும் மறக்காமல் இருக்கிற ஊரை. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது உலகத்தில் ரொம்ப அபூர்வம்.

வரவேற்றது டிராம் வண்டி

ஓசாக்காவிலிருந்து 'ஷிங்கான்ஸென்' என்னும் அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஹிரோஷிமா வந்துவிடுகிறது. ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் நடக்காது. வழி நெடுகச் சுரங்கப் பாதைகள். மலையும் வயலும் தலையைக் காட்டுவதற்குள் மீண்டும் இருட்டு!

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் என்னை வரவேற்றது டிராம் வண்டி. நம் சென்னையில் 1953-ஆம் வருஷமே டிராமுக்கு விடை கொடுத்துவிட்டோம். அதில் போய்வந்த கதையைத் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டதோடு சரி. ஹிரோஷிமாவில் அது 1912-இல் ஓடத் தொடங்கியது; இன்றும் ஓடுகிறது. கியோட்டோ, ஓசாக்கா, கோபே போன்ற ஊர்கள் வேண்டாமென்று தள்ளிய பழைய வண்டிகளையும் வாங்கி வந்து ஓட்டினார்கள். அதனால் தெருவில் நின்றாலே டிராம் கண்காட்சி பார்த்தது போலத்தான். கண்ணாடி போல் மினுக்குகிற புது வண்டி ஒன்று போகும். அதன் பின்னாலேயே மரத் தரை போட்ட கிழ வண்டி ஒன்று முனகிக்கொண்டு வரும்.

பாஷை தெரியாத தனி ஆளுக்கு இந்த டிராமைப் போல் நல்ல சிநேகிதன் கிடையாது. ஏறும்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இறங்கும்போது டிரைவருக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் காசைப் போட வேண்டும். "சில்லறை இல்லையா?" என்று யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். சில்லறை மாற்றித் தருகிற இயந்திரமும் அங்கேயே இருக்கிறது. இறங்குகிற ஒவ்வொருவருக்கும் டிரைவர் நன்றி சொல்கிறார். எத்தனை பேர் இறங்கினாலும் அத்தனை நன்றி!

இந்த வண்டிகளில் 651, 652 என்று எண் போட்ட இரண்டைத் தேடிப் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி குண்டு விழுந்தபோது ஊருக்குள் இருந்த வண்டிகள் அவை. அடிபட்டு, எரிந்து, மறுபடி பழுது பார்க்கப்பட்டு இன்றும் ஓடுகின்றன.

அதைவிட ஆச்சரியமான சமாசாரம் ஒன்று உண்டு. குண்டு விழுந்த மூன்றாம் நாள், அதாவது ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஊரின் மேற்குப் பக்கத்தில் ஒரு சிறு தூரத்துக்கு மட்டும் டிராம் மறுபடி ஓடியது. ஊரே சுடுகாடாகக் கிடக்கும்போது டிராம் ஓட்டியவர்கள் யார்? ஆண்களெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டபடியால், 1943-இல் டிராம் கம்பெனி பெண்களுக்காகவே ஒரு பள்ளிக்கூடம் திறந்திருந்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் பாதி நாள் பாடம் படித்து, மீதி நேரம் கண்டக்டராகவும் டிரைவராகவும் வேலை பார்த்தார்கள். அவர்களில் பிழைத்த சில பெண்கள்தான் அந்த முதல் வண்டிகளில் வேலைக்கு நின்றார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லை என்றவர்களைச் சும்மா ஏற்றிக்கொண்டு போனதாக அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

மணி அடித்துக்கொண்டு ஒரு டிராம் வருகிறது என்றால் ஊர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது கோயில் மணியாகத்தான் ஒலித்திருக்கும்.

எலும்புக் கூட்டுக் கோபுரம்

டிராமை விட்டு இறங்கினால் எதிரே அது நிற்கிறது. எத்தனையோ படங்களில் பார்த்த அதே கட்டடம். மேலே ஓடில்லாமல் இரும்புக் கம்பிகள் மட்டும் வளைந்து நிற்கிற கோபுரம். கீழே பாதி இடிந்த செங்கல் சுவர்கள். நேரில் பார்க்கும்போது, நாம் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது. அதுவே மனத்தை என்னவோ செய்கிறது.

யான் லெட்ஸெல் என்ற செக் நாட்டுச் சிற்பி வரைந்த திட்டப்படி 1915-இல் கட்டப்பட்ட பொருட்காட்சி மண்டபம் இது. ஆற்றங்கரையில் ஐரோப்பிய பாணிக் கட்டடம் ஒன்று எழுந்ததும் ஊரார் வேடிக்கை பார்க்க வந்து குவிந்தார்களாம். 1945 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. காலை 8 மணி 15 நிமிஷம். இங்கிருந்து 160 மீட்டர் தள்ளி, சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அதிர்ச்சி ஏறக்குறைய நேர் மேலிருந்து இறங்கியதால் சுவர்கள் சாயாமல் நின்றன. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு இந்த இடிபாட்டை வைத்துக்கொள்வதா, தரைமட்டமாக்குவதா என்று ஊருக்குள் பெரிய விவாதம். "தினமும் இதைப் பார்க்க எங்களால் முடியாது" என்றார்கள் ஒரு சாரார். வீட்டில் இறந்தவர்களின் நினைவு வாட்டும்போது அப்படித் தோன்றுவது இயல்புதானே? விவாதத்தின் போக்கை மாற்றியது ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. குழந்தையாக இருந்தபோது கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1960-இல் பதினாறாம் வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தவள் அவள். இந்தக் கட்டடம் ஒன்றுதான் நடந்ததை உலகத்துக்கு என்றைக்கும் சொல்லும் என்ற பொருள்பட அவள் எழுதியிருந்தாள். அதைப் படித்த குழந்தைகள் தெருவில் இறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள். 1966-இல் நகர சபை தீர்மானம் போட்டது: இது என்றைக்கும் இப்படியே நிற்கட்டும்! 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

பக்கத்தில் ஓடுவது மோட்டோயாசு ஆறு. அதன் கரையில் காந்தி மகானின் மார்பளவுச் சிலை ஒன்றும் இருக்கிறது. 2023 மே மாதம் திறந்தது. வேற்று நாட்டில் தனியாகச் சுற்றுகிறவனுக்கு அந்த மூக்குக் கண்ணாடியைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தாற்போல் இருந்தது. குண்டு விழுந்த ஊரில் நிற்பதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்?

பூங்காவுக்கு அடியில் ஒரு கடைவீதி

பாலத்தைத் தாண்டினால் அமைதிப் பூங்கா. பசும்புல், மர நிழல், சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகள். ஆற்றின் நடுவில் எவ்வளவு அழகான திறந்த வெளியை விட்டிருக்கிறார்கள் என்று முதலில் தோன்றும். ஆனால் இது திறந்த வெளியாக விடப்பட்டதல்ல. இங்கே நாக்காஜிமா என்ற பேட்டை இருந்தது. நம் ஊர்க் கடைவீதிகளைப் போல் துணிக்கடையும், சினிமாக் கொட்டகையும், கோயிலும், குடித்தனமுமாக நெருங்கிக் கிடந்த இடம். சுமார் 4,400 பேர் வசித்தார்கள். அந்தப் பேட்டையின் மேல் மண்ணைக் கொட்டி நிரவி எழுப்பியதுதான் பூங்கா. மண்ணைத் தோண்டி, கருகிய வீட்டுத் தரையை அப்படியே காட்டுகிற சிறிய கூடம் ஒன்றை 2022-இல் திறந்திருக்கிறார்கள். புல்லின் மேல் நடக்கும்போது கால் தானாகவே மெதுவாகிறது.

பூங்காவின் ஓரத்தில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். பிரயாணிகள் உட்கார்ந்து காப்பி சாப்பிடுகிற இடம். யுத்த காலத்தில் எரிபொருள் பங்கீட்டு அலுவலகமாக இருந்தது. குண்டு வெடித்த இடத்திலிருந்து 170 மீட்டர் தூரம்தான். அன்று காலை எய்ஸோ நொமுரா என்ற ஊழியர் ஏதோ காகிதம் எடுப்பதற்காகக் கீழே நிலவறைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. அவர் 1982 வரை உயிரோடிருந்தார். ஒரு காகிதம் எடுக்கப் போன போக்கு, ஒரு மனிதனுக்கு முப்பத்தேழு வருஷ ஆயுள்!

பூங்காவின் நடுவே கென்சோ டாங்கே வடித்த நினைவு வளைவு. 1952-இல் எழுப்பியது. அதனுள் ஒரு கற்பேழை. பேழைக்குள் இறந்தவர்களின் பெயர்ப் புத்தகங்கள். குண்டால் பாதிக்கப்பட்டவர்கள் இறக்க இறக்க, வருஷா வருஷம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி புதுப் பெயர்களைச் சேர்க்கிறார்கள். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பெயர்களுக்கு மேல் ஆகிவிட்டது.

பேழையின் மேல் ஒரு வாசகம். நிம்மதியாக உறங்குங்கள், அந்தப் பிழை மறுபடி நேராது என்பது அதன் கருத்து. சரி, யார் செய்த பிழை? வாசகத்தில் எழுவாய் இல்லை! தமிழில் எழுவாயை விட்டாலும் வினைமுற்று காட்டிக் கொடுத்துவிடும்: 'செய்யமாட்டோம்' என்றால் நாம், 'செய்யமாட்டார்கள்' என்றால் அவர்கள். ஜப்பானிய வினைச்சொல்லோ வாயைத் திறப்பதில்லை. 1952-இல் இங்கே வந்த நம் நாட்டு நீதிபதி ராதாவினோத் பால் இதைக் கேட்டு வெகுண்டார். டோக்கியோ யுத்த விசாரணையில் மற்ற நீதிபதிகளோடு சேராமல் தனித் தீர்ப்பு எழுதிய அதே பால்தான். குண்டு போட்டவர்கள் ஜப்பானியர் அல்லவே, பிழை யாருடையது என்பது அவர் கேள்வி. வாசகத்தை எழுதிய பேராசிரியர் ஸைக்கா, இது மனித குலம் முழுவதும் செய்துகொள்ளும் பிரதிக்ஞை என்று பதில் சொன்னார். நகரம் இன்றும் அப்படித்தான் பொருள் சொல்கிறது. வளைவின் முன் நிற்கிற நீங்களும் நானும் கூட அந்த எழுவாயில் அடக்கம்.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹிரோஷிமா வெறும் சாது ஊராக இருந்ததில்லை. 1894-இல் சீனாவோடு நடந்த யுத்தத்திலிருந்தே அது ராணுவத் தலமாக இருந்தது. படைகள் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறித்தான் அண்டை நாடுகளை மிதிக்கப் போயின. ஜப்பான் ஆண்ட கொரியாவிலிருந்து வந்தவர்களும், வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் இங்கே மாண்டார்கள். அவர்களுக்கான நினைவுக் கல் 1970-இல் எழும்பியது. ஆனால் பூங்காவுக்கு வெளியே! உள்ளே இடம் கிடைக்க 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செத்த பிறகும் வாசலுக்கு வெளியே நிறுத்துகிற வழக்கம் நமக்குப் புதிதல்லவே.

ஒரு டிபன் பாக்ஸ்

பூங்காவின் ஒரு கோடியில் கண்காட்சிசாலை. பெரியவர்களுக்குக் கட்டணம் 200 யென். நம்மை இவ்வளவு சங்கடப்படுத்துகிற இடத்துக்கு இவ்வளவு குறைந்த கட்டணமா என்று தோன்றும். வருஷத்துக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். உள்ளே அத்தனை கூட்டம். ஆனால் சத்தம் இல்லை.

அங்கே எண்கள் உண்டு. அன்று ஊரில் சுமார் மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். இந்த எண்களை நான் ஏற்கனவே படித்திருக்கிறேன், நீங்களும் படித்திருப்பீர்கள். எண் யாரையும் அழவைப்பதில்லை.

ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. நெளிந்துபோன சின்ன டிபன் பாக்ஸ். உள்ளே கரிக்கட்டியாகிப் போன சோறு. யுத்த காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை, தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வழி உண்டாக்கும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று அப்படி வேலைக்குப் போன பிள்ளைகளில் ஆறாயிரம் பேருக்கு மேல் திரும்பவில்லை. அவர்களில் ஒருவனைத் தேடிப் போன தாய், உடம்பை வைத்து அடையாளம் காண முடியாமல், அதன் கீழே கிடந்த இந்தப் பாத்திரத்தை வைத்துத்தான் மகன் என்று கண்டாள். காலையில் அவள் கையால் கட்டிக் கொடுத்த சோறு. மத்தியானத்துக்கென்று பையன் வைத்திருந்தான்.

சற்றுத் தள்ளி ஒரு மூன்று சக்கரச் சைக்கிள். நான்கு வயது நிரம்பாத குழந்தை வாசலில் ஓட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாகச் சுடுகாட்டுக்கு அனுப்ப மனம் வராமல், அப்பா வீட்டுக் கொல்லையிலேயே சைக்கிளோடு புதைத்தார். நாற்பது வருஷம் கழித்து, 1985-இல், எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறையில் சேர்த்தார். சைக்கிளை இங்கே கொடுத்தார்.

குடும்பத்தோடு வந்திருந்தால் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். தனியாக வந்தவன் என்ன செய்வது? எனக்குப் பக்கத்தில் நின்ற அறுபது வயது ஜப்பானிய அம்மாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தன் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். நான் இரு கையாலும் வாங்கிக்கொண்டேன். அங்கே பாஷை தேவைப்படவில்லை.

வெளியே வந்தால் குழந்தைகள் நினைவுச் சின்னம். சடாகோ ஸஸாகி என்ற சிறுமியின் கதை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும். குண்டு விழுந்தபோது இரண்டு வயது. உடம்பில் ஒரு காயம் கூட இல்லை. ஓட்டப் பந்தயத்தில் கெட்டிக்காரியாக வளர்ந்தாள். பிறகு ரத்தப் புற்றுநோய். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் எண்ணியது கைகூடும் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை. மருந்துப் பொட்டலக் காகிதங்களைக் கூட விடாமல் மடித்தாள். 1955 அக்டோபரில், பன்னிரண்டாம் வயதில் போய்விட்டாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிய வசூலில் 1958-இல் எழுந்தது இந்தச் சின்னம். உலகமெங்குமுள்ள குழந்தைகள் இன்றும் கொக்குகள் அனுப்புகிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி. எடை மட்டும் பத்து டன்!

இது ஜப்பான் தோசை

மனம் எவ்வளவு கனத்தாலும் வயிறு தன் கடமையை மறப்பதில்லை. ஹிரோஷிமாவின் பிரசித்தமான பண்டம் ஒக்கொனொமியாக்கி. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். எதிரே நீளமான சூட்டுக் கல். அதன் மேல் ஒரு கரண்டி மாவை மெல்லியதாக வட்டமாக இழுக்கிறார்கள். நம் தோசைதான் என்று நாக்கைத் தீட்டிக்கொள்ளும்போது, அதன் மேல் ஒரு குன்று உயரத்துக்கு முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கி, தலைகீழாகப் புரட்டி, இனிப்பும் புளிப்புமான ஒரு குழம்பைத் தடவிவிடுகிறார்கள். பன்றி இறைச்சியும் மீன் தூளும் சேர்ப்பது வழக்கம். வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் கல் ஒன்றுதான். மடி ஆசாரக்காரர்கள் பழத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இந்தப் பண்டத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யுத்தத்துக்கு முன்னால் குழந்தைகள் காலணாவுக்கு வாங்கித் தின்கிற வெறும் மாவு அடையாகத்தான் இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு அரிசி இல்லை. கோதுமை மாவு கிடைத்தது. புருஷனை இழந்த பெண்கள் வீட்டு முன்னறையில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டுப் பிழைப்பு நடத்தினார்கள். பல கடைகளுக்கு 'சான்' என்று முடிகிற செல்லப் பெயர்கள் இருக்கும். காணாமற்போன சொந்தக்காரர் யாராவது உயிரோடு திரும்பினால் பெயரைப் பார்த்து அடையாளம் கண்டு வரட்டும் என்று அப்படி வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். ஒரு பலகையில் இரண்டு எழுத்து; அதற்குள் எத்தனை வருஷக் காத்திருப்பு!

கடலில் நிற்கிற வாசல்

மறுநாள் காலை மியாஜிமா தீவுக்குக் கிளம்பினேன். டிராமிலேயே கடற்கரை வரை போகலாம்; ஒரு மணிக்கு மேல் ஆகும். பிறகு படகில் பத்து நிமிஷம். தீவுக்கு வருகிறவர்களிடம் 100 யென் வரி வசூலிக்கிறார்கள்.

படகில் இருந்தே தெரிகிறது அந்தச் சிவப்புத் தோரண வாசல். கடல் தண்ணீருக்குள் பதினாறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. இப்போதுள்ள வாசலைக் கட்டியது 1875-இல். கர்ப்பூர மரத்தின் அடிமரங்களே தூண்கள். ஆச்சரியம் என்னவென்றால், தூண்களைத் தரையில் புதைக்கவில்லை! மேல் விட்டத்துக்குள் கற்களை நிரப்பி, தன் கனத்தாலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். புயலும் அலையும் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. வற்றும் நேரத்தில் சேற்றில் நடந்து வாசலின் அடி வரை போகலாம். ஏற்ற நேரத்தில் அதன் பின்னாலுள்ள இட்ஸுகுஷிமா கோயில் முழுவதும் தண்ணீரில் மிதக்கிறது. கடலின் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போனால் இரண்டையும் காணலாம்.

தெருவெல்லாம் மான்கள். சாதுவானவைதான், ஆனால் காகிதம் என்றால் கொள்ளைப் பிரியம். எனக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் கையிலிருந்த தீவின் படத்தை ஒரு மான் ரசித்துத் தின்றது. அவர் பார்க்க வேண்டிய இடங்களெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விட்டன!

கோயிலுக்குப் பக்கத்தில் தாய்கான்ஜி என்ற மடம். அங்கே வீற்றிருக்கும் தேவி பென்ஸாய்டென். கையில் வீணை போன்ற வாத்தியம், நீரோடு சம்பந்தம், கல்விக்கும் கலைக்கும் தலைவி. ஆம், நம் சரஸ்வதியேதான்! புத்த மதத்தோடு சீனா வழியாகப் போய், ஜப்பானில் குடியேறிவிட்டாள். ஊரை விட்டுப் போன பெண்ணை அங்கே நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தீவின் நடுவே மிசென் மலை. 535 மீட்டர் உயரம். கம்பி வண்டியில் போய், மீதியை ஏறி நடக்க வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மண்டபம். உள்ளே ஒரு நெருப்பு. கோபோ டைஷி என்ற மகான் ஏற்றிய அது ஆயிரத்து இருநூறு வருஷங்களாக அணையவில்லை என்கிறார்கள். அதன் மேல் பெரிய கொப்பரையில் நீர் கொதிக்கிறது. அதை நோய்க்கு மருந்தாகத் தீர்த்தம் போல் வாங்கிக் குடிக்கிறார்கள்.

ஹிரோஷிமாப் பூங்காவில் 1964-இல் ஏற்றிய அமைதிச் சுடருக்கு நாட்டின் பல இடங்களிலிருந்து நெருப்பு எடுத்து வந்தார்கள். இந்த மலை நெருப்பும் அவற்றில் ஒன்று என்கிறார்கள். மலை மேலே அணையக்கூடாது என்று ஒரு நெருப்பு. கீழே ஊரில், உலகத்தின் கடைசி அணுகுண்டு ஒழிகிற அன்று அணைக்கலாம் என்று ஒரு நெருப்பு. 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் உலகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் அணு ஆயுதங்கள் இருந்தன. கீழ் நெருப்பும் அண்மையில் அணைகிற உத்தேசத்தில் இல்லை.

மனப்பாடம் செய்கிறவர்கள்

மத்தியானம் திரும்பி வந்து மறுபடி பூங்காவுக்கே போனேன். கண்காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஒரு மரம் நிற்கிறது. அவோகிரி என்று பெயர். குண்டு வெடித்த இடத்துக்கு 1,300 மீட்டர் தூரத்தில் ஓர் அலுவலக முற்றத்தில் நின்றிருந்த மரம். ஒரு பக்கம் முழுவதும் வெந்து உள்ளீடற்றுப் போயிற்று. இந்த மண்ணில் எழுபத்தைந்து வருஷத்துக்குப் புல் பூண்டு முளைக்காது என்று அப்போது உலகமெங்கும் செய்தி பரவியிருந்தது. மறு வருஷமே அந்த மரம் துளிர்த்தது. அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த சுசுகோ நுமாடா என்ற பெண்ணுக்கு அன்று ஒரு கால் போயிற்று. நிச்சயித்திருந்த மாப்பிள்ளையும் யுத்தத்தில் போய்விட்டார். செத்துவிடலாம் என்றிருந்தவர் இந்தத் துளிரைப் பார்த்து மனம் மாறினார். 1973-இல் மரத்தைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து நட்ட பிறகு, அதன் அடியில் நின்று பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் தம் கதையைச் சொன்னார். 2011-இல் அவர் காலமானார். மரம் இருக்கிறது, அதன் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் பல நாடுகளில் வளர்கின்றன.

இனி யார் சொல்வது? நான் இந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கேள்வி இதுதான். 2025 மார்ச் மாதக் கணக்குப்படி, இரண்டு குண்டுகளுக்கும் தப்பிய பாதிக்கப்பட்டோர் 99,130 பேர். ஒரு லட்சத்துக்குக் கீழே எண்ணிக்கை இறங்கியது அதுவே முதல் தடவை. சராசரி வயது 86. அவர்களுடைய சங்கத்துக்கு 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வந்தபோது, அதற்காகப் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

இதற்கு ஹிரோஷிமா ஒரு வழி கண்டிருக்கிறது. நமக்குப் பழக்கமான வழிதான். குரு சொல்ல சிஷ்யன் கேட்பது! 2012 முதல் நகர நிர்வாகம் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு முதியவரிடம் ஒப்படைக்கிறது. ஏறக்குறைய இரண்டு வருஷம் அவருடன் பழகி, அவருடைய கதையைக் கேட்டுக் கேட்டு உருப்போடுகிறார்கள். பிறகு அவருக்குப் பதிலாகச் சபையில் நின்று சொல்கிறார்கள். கண்காட்சிசாலையில் இதை இலவசமாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் சொல்கிறவர்களும் உண்டு.

நான் போன அன்று சொன்னவர் நாற்பது வயதுப் பெண்மணி. யுத்தம் முடிந்து நாற்பது வருஷம் கழித்துப் பிறந்தவர். தாம் சொல்லப் போவது தம்முடைய கதை அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒரு பெண் குழந்தை தன் தங்கையைத் தேடிப் போன கதையைச் சொன்னார். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. முடிந்ததும் அவரிடம் போய், "இவ்வளவையும் சுமந்துகொண்டிருப்பது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பாட்டி எழுபது வருஷம் சுமந்தார். எனக்குக் கொடுத்த பிறகு இரவில் கொஞ்சம் தூங்க முடிகிறது என்றார். அதனால் கனமாகத் தெரியவில்லை."

பூங்காவை விட்டு ஆற்றங்கரை ஓரமாக ஸ்டேஷனை நோக்கி நடந்தால், கோடைக் காலத்தில் வழியெல்லாம் அரளி பூத்திருக்கிறது. நம் ஊர்க் கோயில் நந்தவனத்தில் பூக்கிற, நெடுஞ்சாலை நடுவில் லாரிப் புகையில் நின்று பூக்கிற அதே செவ்வரளி! குண்டு விழுந்த மண்ணில் முதலில் பூத்தது இதுதான் என்று ஹிரோஷிமாக்காரர்கள் சொல்கிறார்கள். 1973-இல் இதையே தங்கள் ஊர்ப் பூவாக்கிக்கொண்டார்கள். தாமரையோ ரோஜாவோ அவர்களுக்குக் கிடைக்காமல் இல்லை. எது முதலில் வந்து துணை நின்றதோ அதை மறக்கக்கூடாது என்று நினைத்தார்கள்.

நேயர்களே, ஜப்பானுக்குப் போகிற சந்தர்ப்பம் உங்களுக்கு வாய்த்தால் இரண்டு நாளை ஹிரோஷிமாவுக்கு ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். கண்காட்சிசாலையில் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிராமில் ஜன்னல் ஓரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். போக முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை வீட்டு வாசலில் அரளி பறிக்கும்போது, இது ஒரு ஊரைப் பிழைக்க வைத்த பூ என்று பிள்ளைகளிடம் சொல்லி, மீதிக் கதையையும் சொல்லுங்கள். சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது.